சொட்டச் சொட்டப் போன வேன்

அந்தத் தீவில் மழைக்கு நியாயம், தர்மம், பங்கு பிரிக்கிற புத்தி எதுவுமே கிடையாது. நடுவில் ஒரு மலை, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி. வருஷத்தில் பெரும்பாலான நாள் காற்று ஒரே திசையிலிருந்துதான் வரும். வருகிற காற்று கடலிலிருந்து மேகத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலையில் முட்டி, இருப்பதையெல்லாம் இந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பக்கம் இறங்கும். அதனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எந்நேரமும் ஜலதோஷம், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எந்நேரமும் தாகம். இரண்டுக்கும் நடுவே தூரமாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வேனில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். மலை உச்சியில் சாலை ஒரு கணவாயைத் தாண்டும். அங்கே ஒரு வளைவில் மழை கோடு கிழித்த மாதிரி நின்றுபோகும். தெரிந்த டிரைவர்கள் அந்த வளைவுக்கு முன்னாலேயே வைப்பரை நிறுத்திவிடுவார்கள்.

சின்னவளின் சலவைக் கடை இருப்பது நனைகிற பக்கத்தில், துறைமுகத் தெருவுக்குப் பின்னால். அப்பா விட்டுப்போன வீடு. பின்கட்டில் கிணறு, கையை விட்டால் தண்ணீர். சலவைக்குத் தண்ணீர் வேண்டும், சரி. துவைத்ததைக் காய வைக்க வேண்டாமா? அந்தத் தெருவில் உப்பு ஜாடியில் இருப்பதைக் கரண்டியால் எடுக்க முடியாது, ஊற்றத்தான் முடியும். தீப்பெட்டியை இடுப்பில் செருகி வைத்தால்தான் குச்சி பற்றும். செருப்பைக் கழற்றி மூலையில் போட்டு மறந்தால் அதில் காளான் முளைக்கும். இப்படிப்பட்ட இடத்தில் லாட்ஜின் படுக்கை விரிப்புகளை எங்கே போட்டுக் காய வைப்பது?

அதற்குத்தான் பெரியவள் இருந்தாள். சின்னவளின் கூடப்பிறந்த அக்கா, காய்கிற பக்கத்தில். அவள் வீட்டு முற்றத்தில் வரிசையாகக் கொடி கட்டியிருந்தது. சின்னவள் துவைப்பாள், அவள் புருஷன் வேனில் ஏற்றிக்கொண்டு மலையேறி இறங்குவார், பெரியவள் காய வைத்து மடித்துக் கொடுப்பாள். காலையில் ஈரமாகப் போனது மத்தியானம் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று திரும்பி வரும். தொழில் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு குறைதான்: அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

சண்டை அப்பாவின் சொத்தைப் பிரித்த அன்று வந்தது. பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. சுவரில் பூசணம் பூத்தால் இவள் நெஞ்சில் விசில் அடிக்கும். புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, "எனக்கு அந்தப் பக்கத்து நிலமே போதும், அங்கதான் மூச்சு விட முடியுது. எலுமிச்சை போட்டுப் பொழைச்சுக்குவேன்," என்று சொன்னாள். அக்கா தன்னை விட்டுப் போகிறாளே என்ற ஆற்றாமை சின்னவளுக்கு. அதை அப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வராமல், "அந்தக் கட்டாந்தரையில எலுமிச்சையா! போ, போ. தண்ணிக்கு எங்கிட்டதான் வருவே," என்று சொல்லித் தொலைத்தாள்.

பெரியவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உன் கெணத்துலேருந்து ஒரு சொட்டு கேட்டேன்னா, என்னை ஏன்னு கேளு."

அதோடு சரி. அதற்குப் பிறகு துணி காய வைக்கிற ஏற்பாடு, பேச்சு எல்லாம் சின்னவளின் வேன்காரப் புருஷன் வழியாகத்தான். அவர் நல்ல மனுஷன், சண்டை என்றால் காத தூரம் ஓடுவார். மனைவி, "துணியில மண்ணு ஒட்டியிருக்கு, கண்ணு பின்னந்தலையிலயா இருக்குன்னு கேளுங்க," என்று சொல்லி அனுப்புவாள். அவர் அந்தப் பக்கம் இறங்கி, "கொஞ்சம் காத்து ஜாஸ்தி போலிருக்கே அண்ணி," என்பார். கணவாயில் மழை நிற்கிற இடத்திலேயே வசவையும் இறக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். இந்தச் சாமர்த்தியம் ஒன்றைத் தவிர மற்ற விஷயங்களில் அவருக்கு எதுவும் சட்டென்று உறைக்காது.

ஒரு நாள் அந்தப் பக்கம் போய் வந்தவர் சாப்பிட உட்கார்ந்தபடி சும்மா சொன்னார்: "உங்கக்கா குடத்தை வச்சுக்கிட்டு லாரித் தண்ணிக்கு வரிசையில நிக்கிறாங்க. குழாய்ல வந்தே நாளாச்சாம். வர்ற ரெண்டு குடத்தையும் எலுமிச்சைக் கன்னுக்கே ஊத்திட்டு, குடிக்கறதுக்குப் பக்கத்து வீட்டுல கேக்கறாங்க. கன்னெல்லாம் தலையத் தொங்கப் போட்டுக் கெடக்கு. இது பொழைக்கலைன்னா நிலத்தை வித்துட்டு இந்தப் பக்கமே வந்துடணும்னு ஒரு பேச்சு பேசுனாங்க."

அவர் மோருக்குக் கையை நீட்டினார். சின்னவள் ஊற்ற மறந்து நின்றாள். இந்தப் பக்கம் வந்தால் அக்காவின் நெஞ்சு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ராத்திரி முழுக்க அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்தான்.

மறுநாள் காலை கடையிலிருந்த பிழிகிற மிஷின் நின்றுபோனது.

வேன்காரர் திறந்து பார்த்தார். உள்ளே பெல்ட்டைக் காணோம். "அறுந்து போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் சின்னவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பெல்ட் அரிசி டப்பாவின் அடியில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. "கையால முறுக்க எனக்கு முடியாது. மணிக்கட்டு வலிக்குது. அப்படியே சொட்டச் சொட்டக் கொண்டு போங்க. எங்கக்காவுக்குச் சும்மாதானே கெடக்கு கையி, பிழிஞ்சுக்கட்டும்."

அன்றிலிருந்து துணி பெரிய நீல டிரம்களில் போயிற்று. விரிப்புகளை அமுக்கி, மேலே துண்டுகளை அமுக்கி, அதற்கும் மேலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி மூடுவாள். "இது எதுக்குடி?" என்று அவர் கேட்டால், "வழியில வெயில் பட்டா சுருக்கம் விழும்," என்பாள். வேன்காரர் டிரம்மைத் தள்ளி ஏற்றுவதற்குள் வேட்டி நனைந்துவிடும். "நான் துணி கொண்டு போறேனா, குளம் கொண்டு போறேனா?" என்று புலம்பிக்கொண்டே வண்டியை எடுப்பார். வேன் போகிற வழியெல்லாம் சொட்டிக்கொண்டு போகும்.

பெரியவளிடமிருந்து பதில் அன்றைக்கே வந்தது. வேட்டி நனைந்த கோபத்தில் அதை அவர் கணவாயில் இறக்கி வைக்கக்கூட மறந்துவிட்டார். "பிழியக்கூடத் தெரியாதவ எதுக்குச் சலவைக்கடை வச்சிருக்கான்னு கேட்டாங்க."

சின்னவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கொடிக்குக் கீழ தரை எப்படி இருந்துச்சு?"

"தரையா? காஞ்சுதான் கெடந்துச்சு. ஏன்?"

"ஒண்ணுமில்ல." அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சொட்டச் சொட்டப் போன துணிக்குக் கீழே தரை காய்ந்து கிடக்கிறது என்றால், பிழிந்த தண்ணீர் வேறு எங்கேயோ போயிருக்கிறது. எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அவள் அடுப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அந்த மனுஷன் பார்த்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்.

அதற்குப் பிறகு அவள் செய்த அக்கிரமத்துக்கு அளவில்லை. சோப்பு வேரில் இறங்கினால் கன்று கருகிவிடுமே என்று ஒரு அலசல் கூடுதலாக அலசினாள், பிறகு அதற்கு மேலும் ஒன்று. நீலம் போடுவதை நிறுத்தினாள். லாட்ஜ் மேனேஜர் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, வெள்ளை கொஞ்சம் மட்டமா இருக்கே?" என்றார். "நீலம் தோலுக்கு ஆகாதாம் சார். பெரிய பெரிய ஓட்டல்ல எல்லாம் இப்ப யாரும் போடறதில்ல," என்று கண் இமைக்காமல் புளுகினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். விட்டேனா பார் என்று அடுத்த வாரமே இன்னொன்றும் சொன்னாள்: "சார், உங்க துண்டெல்லாம் ரொம்ப மெலிசு. வர்றவங்க மொகம் சுளிக்கிறாங்களாம். நல்லாத் தடிமனா வாங்கிப் போடுங்க." மெலிசுத் துண்டு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், தடிமன் துண்டு எவ்வளவு பிடிக்கும் என்று அவள் கிணற்றடியில் வைத்துப் பிழிந்து பார்த்திருந்தாள். லாட்ஜில் தங்கியவர்களுக்கு அந்த வருஷம் கம்பளம் மாதிரி துண்டு கிடைத்தது. யார் புண்ணியம் என்று அவர்களுக்குத் தெரியாது.

இப்படியே கன்றுகள் பிழைத்தன, வளர்ந்தன, பூத்தன. வருஷத்தில் சில வாரம் காற்று திசை திரும்பும். அப்போது மட்டும் மழைக்குப் புத்தி வந்து அந்தப் பக்கம் பெய்யும். அதுவரை தாங்கிவிட்டால் பிஞ்சு நின்றுவிடும். "இந்தத் தடவை காய் எறங்கிட்டா யாரு தயவும் வேணாம், இங்கயே கெடந்துடுவேங்கறாங்க உங்கக்கா," என்று வேன்காரர் வந்து சொன்னார். சின்னவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, 'யாரு தயவும்' என்ற இடத்தில் சுருக்கென்றும் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் வேன்காரருக்குக் கருணை பிறந்தது.

மனைவி மணிக்கட்டு வலியில் கஷ்டப்படுகிறாள், பிழிகிற மிஷினும் போய்விட்டது, மழையில் நனைந்து நனைந்து ஓடாய்த் தேய்கிறாள் என்று கடல் தாண்டி வேலையில் இருக்கிற மகளிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் கப்பலில் பெரிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே துணி காய வைக்கிற டிரையர். ஈரத்தைப் போட்டுக் கதவை மூடினால் சூடாக, காய்ந்து வெளியே வரும். வேன்காரருக்கு வாயெல்லாம் பல். "இனிமே மலையே ஏற வேணாம்டி! பிரேக்கும் பொழைச்சது, என் முதுகும் பொழைச்சது. அண்ணிக்கும் கையி வலிக்காது, பாவம்."

சின்னவள் பெட்டியின் மூடியைத் திரும்ப அமுக்கி மூடினாள். "யாரு உங்களைக் கேட்டா?" என்று கத்தினாள்.

"சந்தோஷத்துல கத்தறா," என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னார்.

முதல் துணி வெளியே வந்ததும் சின்னவள் அதை மோந்து பார்த்து, "வெயில் வாசமே இல்ல. லாட்ஜுல ஏத்துக்க மாட்டாங்க," என்றாள். லாட்ஜில் ஏற்றுக்கொண்டார்கள். சீக்கிரம் வருகிறது என்று பாராட்டியும் அனுப்பினார்கள். சரி, இந்தத் தெருவின் ஈரத்தில் எந்த மிஷின் நிலைத்திருக்கிறது? ரேடியோ போனது, கடிகாரம் போனது, டிவிக்குள் எறும்பு குடும்பம் நடத்தியது. இதுவும் தானாகப் போகும் என்று ஈரச் சாக்கை அதன் மேல் போட்டுக் காத்திருந்தாள். சாக்குதான் காய்ந்தது. இந்தப் பக்கம் முழுவதிலும் பூசணம் பிடிக்காத ஒரே பொருள் அந்த மிஷின்தான், ஏனென்றால் அது எப்போதும் சூடாக இருந்தது.

அதற்குள் தெருவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி உப்பு ஜாடியோடு வந்தாள். தையல்காரர் நூல் கண்டுகளோடு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் ஊறிப்போன பாடப்புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒரு பெரியவர் செருப்பைக் கொண்டுவந்து, "உள்ள போட வேணாம்மா, மேல வச்சா போதும்," என்றார். தெருப்பூனைகள் எல்லாம் அதன் பின்னால் குடிவந்தன. கடையில் எந்நேரமும் கூட்டம். இதில் மிஷினைக் கமுக்கமாகக் கெடுக்க எங்கே வழி? ஒரு தடவை திருப்புளியைக் கையில் எடுத்தாள். "ரிப்பேரா சின்னம்மா? நகருங்க, நான் பாக்கறேன்," என்று தையல்காரர் ஓடிவந்தார்.

வேன் மலையேறாமல் நின்ற அந்த நாட்களில் சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பக்கம் கூரையில் மழை கொட்டக் கொட்ட அவளுக்கு ஆத்திரம் வந்தது. காற்று இன்னும் திரும்பவில்லை. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து, "யாருக்குடா பெய்யறே? நாங்களா கேட்டோம்?" என்று திட்டினாள். பிஞ்சு உதிர்ந்திருக்குமோ, அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பாளோ என்று நினைக்கும்போதெல்லாம் அந்த விசில் சத்தம் காதில் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். என்னவென்று? 'தண்ணி வேணுமா' என்று கேட்டால் அக்கா செத்தாலும் வேண்டும் என்று சொல்ல மாட்டாள். இவ்வளவு நாளும் சொட்டச் சொட்ட வந்ததை வெறும் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே, அந்த நினைப்பையும் கெடுப்பானேன்?

அப்படி அவள் மருகிக்கொண்டிருந்த ஒரு காலையில், மலை தாண்டி வருகிற பஸ்ஸின் கண்டக்டர் கடை வாசலில் ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டார். "உங்கக்கா குடுத்து விட்டாங்க. ஒரே அழுக்காம். துவைச்சு அனுப்பணுமாம். அவசரமாம்."

பெரியவள் இந்தக் கடைக்குத் துணி போட்டதே கிடையாது. சின்னவள் முடிச்சை அவிழ்த்தாள். மேலே ஒரு வெள்ளைப் போர்வை. மடிப்புக் கலையாத போர்வை. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் அப்படியே. அப்பா காலத்துக் கனத்த ஜமுக்காளம். கம்பளி. வாசல் திரைச்சீலைகள். பெரியவளின் கல்யாணப் பட்டைத் தவிர, வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடிய துணி எதுவெல்லாம் உண்டோ அவ்வளவும் இருந்தது. ஒன்றில்கூடப் பொட்டு அழுக்கு இல்லை. முகத்தோடு சேர்த்து வைத்தாள். வெயில் வாசம் அடித்தது.

வேன்காரர் எட்டிப் பார்த்தார். "இது துவைச்ச துணியாச்சே. அண்ணிக்கு என்ன ஆச்சு?"

சின்னவள் ஜமுக்காளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கள்ளி! எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் 'பிழியக்கூடத் தெரியாதவ' என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"வண்டியை எடுங்க," என்றாள்.

"துவைக்க வேணாமா?"

"துவைக்க அதுல என்ன இருக்கு? நனைச்சா போதும்."

கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து டிரம்களை நிரப்பினாள். கம்பளியையும் ஜமுக்காளத்தையும் உள்ளே அமுக்கி, லாட்ஜ் துண்டுகளையும் மிஷின் வாய்க்குள்ளிருந்து பிடுங்கி அமுக்கினாள். தெருவே வேடிக்கை பார்த்தது. டிரம்களை ஏற்றிவிட்டு, தானும் வேனின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சண்டைக்குப் பிறகு அவள் மலையைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. கணவாய் வளைவில் மழை நின்றது. பழக்கமில்லாமல் அவளுக்குக் கண் கூசியது. கீழே இறங்க இறங்கப் பாறை, முள், காய்ந்த புல், பிறகு ஒரு முள்வேலி. அதற்குள்ளே, ஊரில் ஒருத்தரும் நம்பாத பச்சையாக, எலுமிச்சைச் செடிகள். இலை ஓரம் சுருண்டிருந்தது. ஆனால் பிஞ்சு இன்னும் விழவில்லை.

முற்றத்தில் பாத்திரம், பக்கெட், அண்டா, ஓட்டை அடைத்த குண்டான், எல்லாம் வரிசையாகத் திறந்த வாயோடு காத்திருந்தன. பெரியவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். வேனிலிருந்து தங்கை இறங்குவதைப் பார்த்ததும் கையை எடுத்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் இடுப்பிலேயே வைத்தாள்.

வேன் முற்றத்திலும் சொட்டிக்கொண்டே நின்றது.

"மிஷின் வாங்கிட்டியாமே," என்றாள் பெரியவள்.

"மக அனுப்பினா, அவரு சொல்லி."

"நல்லாக் காயுதா?"

"காயுது. சனியன்."

"கெடந்து தண்ணிய வீணாக்காதே. எறக்கு சீக்கிரம்."

பெரியவள் டிரம்முக்குள் கையை விட்டு மோந்து பார்த்தாள். "என்னடி இது, கடைசி அலசல் ஒழுங்கா அலசலையா? சோப்பு வாடை வருது. எலுமிச்சைக்கு ஆகுமா இது?"

"அது லாட்ஜ் துண்டு. அவசரத்துல போட்டேன். உன் போர்வையிலதான் சோப்பே படலையே." சின்னவளுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "ஒரு சொட்டு கேக்க மாட்டேன்னு போனவதானே நீ?"

"நான் எங்கடி தண்ணி கேட்டேன்? துணி துவைக்கத்தானே போட்டேன். உன் கடையில அது தப்பா?"

வேன்காரர் ஒருத்தி முகத்தைப் பார்த்தார், இன்னொருத்தி முகத்தைப் பார்த்தார், வரிசையாக இருந்த பக்கெட்டுகளைப் பார்த்தார், செடிகளைப் பார்த்தார். மெல்ல, மிக மெல்ல, அவர் மண்டையில் உறைத்தது. "அப்ப... அந்த பெல்ட்டு?"

"அரிசி டப்பாவுல இருக்கு," என்றாள் சின்னவள். "போய் அந்த டிரம்மைத் தள்ளுங்க."

பெரியவள் ஜமுக்காளத்தின் ஒரு முனையை உருவி, பழக்கப்படி வேலிக் கம்பத்தில் கட்டப் போனாள். இவ்வளவு நாளும் அப்படித்தான், ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி மறுமுனையைத் தனியாகவே முறுக்கியிருக்கிறாள். கம்பத்தில் கயிறு தேய்ந்த தடம் தெரிந்தது. சின்னவள் அந்த முனையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அண்டாவுக்கு மேலே இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். அவள் அந்தப் பக்கம் முறுக்க, இவள் இந்தப் பக்கம் முறுக்க, தண்ணீர் கொட கொடவென்று கொட்டியது.

"அக்கா."

"என்ன?"

"தண்ணிக்கு எங்கிட்டதான் வருவேன்னு அன்னைக்குச் சொன்னேன்ல."

பெரியவள் இன்னொரு முறுக்கு முறுக்கினாள்.

"கடைசியில நாந்தான் தண்ணியத் தூக்கிக்கிட்டு உங்கிட்ட வந்திருக்கேன்."

பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். இளைப்பு இல்லை, அந்தப் பக்கத்துக் காற்றில் அவளுக்கு இளைப்பு வருவதே இல்லை.

"பேசாம முறுக்குடி," என்றாள்.